யார் கை வைத்தது?

பழுதான பொருள் எதையேனும் கடைக்கு எடுத்துச் சென்றிருக்கிறீர்களா? வானொலியோ, மிக்சியோ, கைப்பேசியோ, எதுவாயினும் சரி, மூடியைத் திறந்து உள்ளே ஒரு பார்வை பார்த்ததும் மெக்கானிக் தலையை நிமிர்த்தி, “இதுல யார் கை வெச்சது?” என்று கேட்பார். நாமும் கொஞ்சமும் தயங்காமல், “தெரியலைங்க, எடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு” என்போம். இந்தப் பொய்யை ஒரு முறையேனும் சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்யால் ஒரு நல்ல மனிதரின் ஒரு முழு மாலைப்பொழுது வீணாயிற்று. அதைச் சொல்லவும், அதை ஒட்டி நம் கல்லூரி ஆய்வகத்தைப் பற்றி என் மனத்தில் பட்ட ஒன்றிரண்டு கருத்துகளைச் சொல்லவுமே இக்கட்டுரை. பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க!

பொருள் ஒரு டி.வி. கேம். என் அத்தையின் கணவர், அதாவது என் மாமா, 1998ஆம் ஆண்டு தீபாவளி போனஸ் பணத்தில் தம் மகனுக்கு வாங்கித் தந்தது. இன்றைய மாணவர்கள் பலர் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். தொலைக்காட்சிப் பெட்டியோடு வயரால் இணைக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி; மேலே கேசட் செருகும் வாய்; இரு பக்கமும் இரண்டு கைப்பிடிகள். கேசட்டின் மேல் 9999999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருப்பார்கள். போட்டுப் பார்த்தால் ஒரு பத்து விளையாட்டுகளே பெயர் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். எந்த விளம்பரத்திலும் அவ்வளவு துணிச்சலான பொய்யை நான் கண்டதில்லை!

இந்தப் பெட்டியின் பூர்வீகம் ஜப்பான். நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ‘ஃபேமிகாம்’ என்னும் கருவிதான் மூலம். அதன் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உயேமுரா. அதில் ரிக்கோ நிறுவனத்தின் சில்லுகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 40 கால்கள். ஒன்று கணக்கிடும், மற்றொன்று படம் வரையும். வேலை செய்ய அதற்கிருந்த நினைவகம் வெறும் 2 கிலோபைட். 1990களில் தைவானிலும் சீனத்திலும் இதைப் பார்த்துச் செய்த நகல்கள் உலகெங்கும் பரவின. ரஷ்யாவில் அதற்கு ‘டென்டி’ என்று பெயர், போலந்தில் ‘பெகாசஸ்’. நம் ஊர்க் கடைகளுக்கு வந்தவை பல பெயர்களில் வந்தன. அசலில் தனித்தனியே இருந்த சில்லுகளை ஒன்றாக்கி, அதன்மேல் ஒரு சொட்டுக் கரும்பிசினை ஊற்றி மூடியிருப்பார்கள். பலகையும் மலிவானது, பச்சை நிறக் கண்ணாடி நார்ப் பலகை அன்று, காகிதத்தைப் பிசினில் தோய்த்து அழுத்திய பழுப்புப் பலகை. இந்தப் பழுப்பு நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வினைக்கு அதுவும் ஒரு சாட்சி.

மாமா 2019இல் காலமானார். அதன்பின் அத்தானுக்கு அந்தப் பெட்டி விளையாட்டுப் பொருளாக இருக்கவில்லை. ஆனாலும் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து வைப்பார். 2020 ஏப்ரலில் ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தோமல்லவா? அப்போது எடுத்துப் போட்டால் படம் வந்து வந்து போயிற்று. அடாப்டர் வயரை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தால் வரும், விட்டால் போய்விடும். இருபது ஆண்டுகளாக வயரைப் பிடித்து இழுத்ததில் அடாப்டர் செருகும் துளையின் கால் பலகையில் விடுபட்டிருந்தது. மெக்கானிக்குகள் இதை ‘டிரை சால்டர்’ என்பார்கள். தெரிந்தவன் கையில் ஐந்து நிமிட வேலை. கடைகள் எல்லாம் மூடியிருந்தன. அப்போது நான் பள்ளி மாணவன். அறிவியலில் வகுப்பில் முதல் மதிப்பெண். கேட்கவேண்டுமா? “நான் பாத்துக்கிறேன் அத்தான்” என்றேன்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாடநூல் ‘பற்றாசு’ என்கிறது. கடையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘ஈயம் வைக்கிறது’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘சால்டர் பண்றது’. பற்றாசு அழகான சொல்தான். ஆயினும் கடையில் போய்ப் பற்றாசு கேட்டால் பட்டாசுக் கடைக்கு வழி காட்டுவார்கள்! ஆகவே நான் ஈயம் என்றே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு 60 வாட் சால்டரிங் அயர்ன் இருந்தது. தடித்த வயர்களுக்கு அது பொருந்தும். மெல்லிய பலகைக்கு அது கொல்லன் உலை. சூடு வைத்தேன், ஈயம் உருண்டு உருண்டு ஓடியதே தவிர ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை? உலோகத்தின் மேல் காற்றுப் பட்டுப் படிந்த ஆக்சைடு படலம் இருக்கும்வரை ஈயம் ஒட்டாது. அதை நீக்கத்தான் ‘பேஸ்ட்’ வைக்கிறோம். மின்னணு வேலைக்கு உரியது பைன் மரப் பிசினால் ஆனது. அந்நாளில் தெருவில் “ஈயம் பூசறது!” என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்கள் பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரம் தூவித் துடைப்பதும் இதே காரணத்தால்தான். தத்துவம் ஒன்று, பொருள் வேறு. எனக்குத் தத்துவம் அரைகுறையாகத் தெரிந்திருந்தது, பொருள் தெரியவில்லை. எங்கள் தெருமுனையில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்த அண்ணனிடம் கேட்டு, ஒரு சிறு சீசாவில் ஆசிட் வாங்கி வந்தேன். அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத்தைக் கரைத்துச் செய்வது. ரேடியேட்டருக்கு அதுவே சரியான மருந்து. பலகைக்கு அது நஞ்சு.

ஆசிட் ஊற்றியதும் ஈயம் என்னமாய் ஓடியது தெரியுமா! அந்த மகிழ்ச்சியில் அயர்னை எடுக்கவே மனம் வரவில்லை. பலகையின் மேலுள்ள செப்புத் தகட்டின் கனம் ஏறத்தாழ 35 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்கும் இல்லாமலும் இருக்கும். பலகையோடு அதைப் பிடித்து வைத்திருப்பது வெறும் பசை. சூடு அதிகமானால் பசை இளகும். பழுப்புப் பலகையில் அது இன்னும் விரைவில் நேரும். துளையைச் சுற்றியிருந்த செப்பு வட்டுகள் இரண்டும் வெந்த நெல்லின் உமிபோலக் கழன்று அயர்ன் நுனியோடு வந்துவிட்டன. அதை மறைக்க மேலும் ஈயம் வைத்தேன். அந்த ஈயம் பக்கத்திலிருந்த 7805 என்னும் சில்லின் இரண்டு கால்களைச் சேர்த்து ஒட்டிக்கொண்டது. இவ்வளவும் போதாதென்று, பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் முதல் கைப்பிடியின் வயர்கள் இரண்டு அறுந்துவிட்டன. எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை. உத்தேசமாக ஒட்டினேன். சுவிட்சைப் போட்டேன், விளக்கு எரியவில்லை. ஒரு நிமிடத்தில் அடாப்டர் கொதித்தது; வாடை வந்தது; அதோடு அதுவும் போயிற்று.

“அடாப்டர் போயிடுச்சு அத்தான்” என்று மட்டும் சொன்னேன். அவர் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். “விடு மாப்ள, பழசுதானே” என்றார். ஒரு மஞ்சள் பையில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். அவர் திட்டியிருந்தால் நான் அன்றோடு மறந்திருப்பேன்.

2023இல் இக்கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தேன். மாலை நேரங்களில் ஒரு டி.வி. மெக்கானிக் கடையில் உதவிக்குப் போகிறேன். 2024ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் அத்தை வீட்டுப் பரணிலிருந்து அந்தப் பையை இறக்கிக் கடைக்கு எடுத்து வந்தேன். அண்ணன் மூடியைத் திறந்தார். பலகை முழுக்கப் பச்சைப் பூஞ்சைபோல் படர்ந்திருந்தது. நான் ஊற்றிய ஆசிட் மிச்சம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, நான்காண்டுகளாக இரவும் பகலும் செம்பைத் தின்றிருக்கிறது.

“யார் தம்பி கை வெச்சது?”

“தெரியலண்ணே.”

அவர் மோந்து பார்த்தார். “எவனோ ரேடியேட்டர் ஆசிட் ஊத்தியிருக்கான்” என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பின் அவர் செய்ததை விரிவாகவே எழுதுகிறேன்; எந்தப் பாடநூலிலும் நான் இதைப் படித்ததில்லை. முதலில் அவர் அயர்னைத் தொடவில்லை. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்தார். பழைய பல் துலக்கியால் பலகையைத் தேய்த்துக் கழுவினார். தண்ணீரா! நான் திகைத்துப்போனேன். “கரண்ட் இல்லாதப்ப தண்ணி என்ன பண்ணும்? உப்பு தண்ணியிலதான் கரையும்” என்றார். பின்பு நல்ல தண்ணீரில் அலசி, ஐ.பி.ஏ. என்னும் ஆல்கஹாலால் துடைத்து, அரை நாள் வெயிலில் உலர்த்தினார். அமிலத்தைக் காரம் சமன் செய்வதை எட்டாம் வகுப்பிலிருந்து எழுதி வருகிறேன். அது ஒரு பலகையைக் காப்பாற்றும் என்று அன்றுதான் கண்டேன்.

அடுத்து, “எடுத்தவுடனே ஒட்டாதே, முதல்ல எடு” என்றார். தவறாக வைத்த ஈயத்தை எடுப்பது புதிதாக ஈயம் வைப்பதைவிடக் கடினம். பழைய ஈயம் ஆக்சைடு கலந்து சாம்பல் நிறத்தில் இறுகியிருக்கும், எளிதில் உருகாது. அதன்மேல் சிறிது புதிய ஈயமும் பேஸ்ட்டும் வைத்தால் எல்லாம் ஒன்றாக இளகும். இளகியதும் செம்பு இழைப் பின்னலை வைத்து உறிஞ்சி எடுக்கவேண்டும். குறைக்க வேண்டுமானால் முதலில் கூட்ட வேண்டும் என்பது எனக்குப் புதுமையாக இருந்தது. 7805இன் இரு கால்களையும் சேர்த்திருந்த கட்டி இவ்வாறு அகன்றது.

இப்போது 7805 பற்றி ஒரு வெட்கமான செய்தி. அது மூன்று கால் சில்லு. 9 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டாகத் தருவது. மிச்சமுள்ள 4 வோல்ட்டை வெப்பமாக்கிவிடும், 0.4 ஆம்பியர் ஓடினால் 1.6 வாட் சூடு. அதனால்தான் அதன் முதுகில் ஒரு தகடு. இதையெல்லாம் நான் தேர்வில் படம் வரைந்து எழுதி முழு மதிப்பெண் பெற்றிருக்கிறேன். ஆனால் அண்ணன் அதைக் கையில் கொடுத்து, “இதுல எது இன், எது அவுட்?” என்று கேட்டபோது விழித்தேன். எழுத்து நம்மைப் பார்த்திருக்க, இடது கால் உள்வரவு, நடுக்கால் தரை, வலது கால் வெளிவரவு. இதைத் தெரிந்துகொள்ள இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடியை என் மூன்றாண்டுப் படிப்பு எனக்குத் தரவில்லையே!

பழுதின் கணக்கை எடுத்தோம். நான் ஒட்டிச் சேர்த்தது 7805இன் உள்வரவுக் காலையும் தரைக் காலையும். அதனால் அடாப்டர் மட்டும் போயிற்று. உள்வரவையும் வெளிவரவையும் சேர்த்திருந்தால் 9 வோல்ட்டும் நேரே கரும்பிசினுக்குள் இருந்த சில்லுக்குப் போயிருக்கும். பிறகு அந்தப் பெட்டியை எவராலும் எழுப்பியிருக்க முடியாது. ஒரு கால் தள்ளி விழுந்த சொட்டு ஈயம்! என் திறமை எதுவும் அதில் இல்லை.

கேசட் செருகும் வாயின் அடியில் 60 கால்கள். அவற்றுக்குச் செல்லும் செப்புக் கோடுகளில் மூன்று இடங்களில் ‘பிரிண்ட் கட்’. மீட்டரைப் பஸ்ஸரில் வைத்து ஒவ்வொரு கோடாகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். “மூணு ஜம்பர் போடணும். ஒண்ணு நான் போடுறேன், ரெண்டு நீ போடு” என்றார். நான் உடனே அயர்னை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். குப்பையிலிருந்து ஒரு பழைய டேப் ரெக்கார்டர் பலகையை எடுத்துப் போட்டு, “இதுல நூறு புள்ளி வெச்சுட்டு வா” என்றார்.

நூறு புள்ளி வைத்தேன். முதல் முப்பதும் உருண்டைகள். நாற்பதுக்கு மேல் விஷயம் விளங்கியது. அயர்ன் நுனியில் ஈயத்தை எடுத்துக்கொண்டு போய்த் தடவுவது அன்று வேலை. நுனியால் காலையும் செப்பையும் ஒருசேரச் சூடாக்கவேண்டும். இரண்டு நொடி கழித்து ஈயக் கம்பியை அந்தச் சந்தியில் காட்டவேண்டும். அது தானே உருகிக் காலைச் சுற்றி ஏறிக் குன்றுபோல் சரிந்து நிற்கும். ஈயம் முதலில் எடு, அயர்ன் அப்புறம் எடு. அவ்வளவுதான். பழைய வகைக் கம்பி, வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்தது, 183 டிகிரி செல்சியசில் உருகும். ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின் பரவிய காரீயமற்ற கம்பிக்கு ஏறக்குறைய 217 முதல் 220 டிகிரிவரை வேண்டும். இதற்கெல்லாம் 25 வாட் அயர்னே போதும். என் 60 வாட் வீரத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

நூறு முடிந்தபின் டி.வி. கேம் பலகைக்கு வந்தேன். கோட்டின்மேல் உள்ள பூச்சைப் பிளேடால் மெல்லச் சுரண்டினால் புதுச் செம்பு பளிச்சிடும். அதன்மேல் மெலிதாக ஈயம் பூசி, தலைமுடி போன்ற வயரின் ஒரு முனையை அங்கும் மறுமுனையைக் கேசட் வாயின் காலிலும் ஒட்டவேண்டும். இரண்டும் நானே வைத்தேன். அழகாக இல்லை, ஆனால் மீட்டர் கத்தியது. அடாப்டர் துளைக்குச் செப்பு வட்டே இல்லாததால் அதன் கால்களிலிருந்து வயர் இழுத்து 7805க்குக் கொடுத்தோம். துளையின் உடம்பை மட்டும் பிசின் வைத்துப் பலகையோடு இறுக்கினார் அண்ணன். “ஈயம் கரண்டைக் கொண்டுபோறதுக்கு, இழுப்பைத் தாங்குறதுக்கு இல்ல” என்றார். இருபதாண்டு இழுபறியில் இந்தப் பெட்டி கெட்டதற்கே காரணம் இதுதான். செய்தவர்கள் துளையின் பாரத்தை ஈயத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

புது அடாப்டர் வாங்கி, முனைகள் எது நேர் எது எதிர் என்று சரிபார்த்துச் செருகினோம். (இதைப் பாராமல் செருகி எத்தனை பெட்டிகள் போயினவோ!) சிவப்பு விளக்கு எரிந்தது. படமும் வந்தது. ஆனால் முதல் கைப்பிடி வேலை செய்யவில்லை.

இங்கேதான் என் பொய் தன் வேலையைக் காட்டியது. அந்தக் கைப்பிடியில் எட்டுப் பொத்தான்கள். பலகைக்கு வருவதோ ஐந்தே வயர்கள். கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு சில்லு எட்டுப் பொத்தான்களின் நிலையையும் ஒரே நொடியில் பிடித்து வைத்துக்கொண்டு, பெட்டி தாளம் போடப் போட ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பும். ஐந்தில் இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று ‘பிடித்து வை’ என்பதற்கு, ஒன்று தாளத்துக்கு, ஒன்று விடைக்கு. தாளமும் விடையும் இடம் மாறினால் எல்லாம் ஊமை. அண்ணன் வயர் நிறங்களை நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு என்ன காரணம்? கைப்பிடியைப் பிரித்தார், ரப்பரைத் துடைத்தார், கரிப்பொத்தான்களைச் சோதித்தார், வயரை முனைக்கு முனை பார்த்தார். வந்த இரண்டு வாடிக்கையாளர்களை, “நாளைக்கு வாங்க” என்று அனுப்பினார். மணி ஒன்பதரை. என்னால் தாங்கமுடியவில்லை.

“அண்ணே, அந்த ரெண்டு வயரும் நான் ஒட்டுனது. கை வெச்சது நான்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். பின்பு அயர்னை எடுத்து அவ்விரு வயர்களையும் இடம் மாற்றி வைத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “இதை மொத நாளே சொல்லியிருந்தா நான் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பேன்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கப் போனால், காசை அவரே கொடுத்தார்.

நண்பர்களே, இனி என் கருத்துக்கு வருகிறேன்.

‘தெரியாத வேலையில் கை வைக்காதே’ என்பது பெரியோர் வழக்கமாகக் கூறும் அறிவுரை. நான் பட்ட பாட்டுக்கு நானும் அதையே சொல்லவேண்டும். ஆனால் சொல்லமாட்டேன். கை வைக்காமல் எவன் கற்றான்? கோவை ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப்போட்டு மீண்டும் பூட்டிக் கற்றார் என்று மேடைதோறும் கேட்கிறோம், கைதட்டுகிறோம். ஆனால் மேடையில் சொல்லாத ஒன்றும் அதில் இருக்கிறது: அவர் பிரித்தது தம் சொந்த வண்டியை. நான் பிரித்தது இன்னொருவரின் தந்தை வாங்கித் தந்த பொருளை. குற்றம் கை வைத்ததில் இல்லை. முதல் முறையாகக் கை வைப்பதற்கு அதைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. எனக்கு அந்தப் பழைய டேப் ரெக்கார்டர் பலகை 2024க்குப் பதில் 2020க்கு முன்பே கிடைத்திருந்தால்? யார் தந்திருப்பார்கள்? பள்ளியில் தரவில்லை. சரி, கல்லூரியில்?

நம் ஆய்வகத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மின்னணுவியல் செய்முறை என்றால் ஒரு பெட்டி. அதன் முகப்பில் சுற்றுப்படம் அச்சிட்டிருக்கும். இங்கொரு வயர், அங்கொரு வயர் செருகி, அளவெடுத்து, வரைபடம் வரைந்து, கையொப்பம் வாங்கிச் செல்கிறோம். பெட்டிக்குள் டையோடு இருக்கிறதா, தேங்காய் நார் இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. பெட்டி கெட்டுவிட்டால் அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும். அது பழுதுபார்க்கப்பட்டு இறங்கியதை நான் கண்டதில்லை. மேல்தட்டில் இப்போது பதினொரு பெட்டிகள் இருக்கின்றன, எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆசிரியர்கள்மேல் எனக்குக் குறையில்லை; ஓர் ஆய்வக உதவியாளரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குத் தேர்வு நடத்தவேண்டிய நிலையில் அவர்களும் என்ன செய்வார்கள்?

ஆயினும் ஒரு மேசை கேட்கிறேன். ஆய்வகத்தின் சன்னலோரமாக ஒரே ஒரு மேசை. 25 வாட் அயர்ன் ஐந்து. ஒன்று சில நூறு ரூபாய்தான். பழைய பலகைகளுக்குப் பணமே வேண்டாம், எந்த டி.வி. கடையிலும் மூட்டையாகக் கிடக்கும். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் நூறு புள்ளி வைத்தபின் அந்தப் பதினொரு பெட்டிகளில் ஒன்றைத் திறக்கட்டும்.

மறுப்புகள் வரும் என்று அறிவேன். ‘இது பாலிடெக்னிக் மாணவன் வேலை, நாம் தத்துவம் படிப்பவர்கள்’ என்று ஒருவர் என்னிடமே சொன்னார். பாலிடெக்னிக் மாணவனுக்குத் தத்துவம் வேண்டாமா? நமக்குக் கை வேண்டாமா? ஈயம் ஏன் ஒட்டுகிறது, ஏன் ஒட்டவில்லை என்பது பரப்பு இழுவிசையும் வேதியியலும் வெப்பக் கடத்தலும் சேர்ந்த கேள்வி. நம் பாடத்திட்டத்தில் அது மூன்று தாள்களில் மூன்று பருவங்களில் பிரிந்து கிடக்கிறது. அயர்ன் நுனியில் ஒரே நொடியில் ஒன்றாக வருகிறது.

‘காரீயம் நஞ்சாயிற்றே!’ என்பது இரண்டாம் மறுப்பு. இதைத் தட்டிக் கழிக்கமாட்டேன். அயர்னின் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை. மேலே எழும் புகை பேஸ்ட்டினுடையது. ஆனால் அந்தப் புகையும் நல்லதன்று. நாளெல்லாம் சுவாசித்தால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஆகவேதான் சன்னலோரம் கேட்டேன். காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாக வாய்க்கு. வேலை முடிந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடக்கூடாது. காரீயமற்ற கம்பியே வாங்கிக்கொண்டாலும் சரி. கையில் சூடு பட்டுவிடுமே என்றால், படும். எனக்கு மூன்று இடத்தில் பட்டிருக்கிறது.

‘இந்தக் காலத்தில் யார் பழுதுபார்க்கிறார்கள்? புதிது வாங்குவதே மலிவு’ என்பது மூன்றாவது. இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஃபேமிகாமைச் செய்த நிண்டெண்டோவே 2007 அக்டோபரோடு அதைப் பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்டது. உதிரிப் பாகங்கள் இல்லை என்று காரணம் சொன்னது. செய்தவன் கைவிட்டபின் அந்தப் பொருளுக்கு நம்மைப் போன்ற அரைகுறைகளை விட்டால் யார் கதி? நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் நுகர்வோர் நலத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஓர் இணையத்தளம் தொடங்கியது. உரிமை வந்தது சரி. அயர்னைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு அந்த உரிமை எந்தக் கையில் நிற்கும்? மாமா வாங்கிய பெட்டிக்கு மாற்றாகப் புதுப் பெட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் அந்த நண்பர் சொல்லட்டும்.

மேசையோடு ஒரு குறிப்பேடும் வைக்கவேண்டும் என்பது என் இரண்டாவது வேண்டுகோள். எதில் கை வைத்தாலும், கெடுத்தாலும், வைத்தவன் அதில் எழுதவேண்டும்: ‘இந்தத் தேதியில், இந்தப் பெட்டியைத் திறந்தேன், இந்த வயர் அறுந்தது, உத்தேசமாக ஒட்டினேன்.’ பெயர் போடவேண்டும் என்றுகூட நான் வற்புறுத்தவில்லை. ‘உத்தேசமாக’ என்ற அந்த ஒரு சொல் இருந்தால் போதும். அடுத்து வருபவன் நிறத்தை நம்பி ஒரு மாலையைத் தொலைக்கமாட்டான். கெடுத்ததற்கு அபராதம் என்று மட்டும் யாரும் தொடங்கிவிடாதீர்கள். அபராதம் வந்த மறுநாளே எல்லோரும், “எடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு” என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

டி.வி. கேமை அத்தை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று அத்தானிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன், ஆசிட்டையும் சொன்னேன். “எனக்கு அப்பவே தெரியும் மாப்ள. உன் கையில ஆசிட் வாடை வந்துச்சே” என்றார். மேரியோ போட்டார். தாவும்போதெல்லாம் எழும் அந்தச் சத்தம் அடுப்படிவரை கேட்டது. அத்தை கரண்டியும் கையுமாக வந்து வாசற்படியில் சிறிது நேரம் நின்றுவிட்டு, “மாமா இருந்தா சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அத்தான் சத்தத்தைக் குறைக்கவில்லை.

மேசைக்கான விண்ணப்பம் துறைத் தலைவர் அவர்களிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. இதுவரை கையொப்பமிட்டவர்கள் 31 பேர். அண்ணன் கடையிலிருந்து ஒரு கோணிப் பை நிறையப் பழைய பலகைகள் வந்து விடுதியில் என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. விடுதிக் காப்பாளர் அவற்றை எப்போது அகற்றப்போகிறாய் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.